விழுந்தாலும் தவணையில் விழு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இந்த வாரம் எதை எழுதி உங்கள் கழுத்தை அறுக்கலாம் என்று யோசித்துக் கொண்டிருந்தேன். என் அக்கா மகன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்து இறங்கினான். ஒன்பதாவது படிக்கிறான். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு சக்கரம், ஒரு ஸீட், இரண்டு பெடல். அவ்வளவுதான்.

“டேய், நல்லா ஏமாத்திட்டான்டா! பாதி சைக்கிள்தான் அனுப்பியிருக்கான். மீதி எங்கே?”

“மாமா, முழுசே இவ்வளவுதான். யூனிசைக்கிள். ஒத்தைச் சக்கரம்.”

“ஹேண்டில்பார்?”

“கிடையாது.”

“பிரேக்?”

“கிடையாது.”

“செயின்?”

“அதுவும் கிடையாது மாமா.”

“பெல்லாவது இருக்கா?”

“விழறப்ப நாமளே கத்திக்க வேண்டியதுதான்.”

விலையைக் கேட்டேன். இரண்டு சக்கர சைக்கிள் விலை! பாதி சரக்குக்கு முழு விலை. பி.காம். படித்தவனால் எதைத் தாங்கினாலும் இதைத் தாங்க முடியாது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் கேட்டதை வாங்கித் தருவதாக அக்கா வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பையன் கேட்டது இது. மனிதர் பில்லைப் பார்த்த பிறகுதான் படத்தைப் பார்த்தாராம்.

பெட்டி பின்னாலேயே அக்காவின் போன் வந்தது. “தம்பி, உன்னை நம்பித்தான் அனுப்பியிருக்கேன். பல்லு, மூக்கு, கை, காலு எல்லாம் நான் அனுப்பின கணக்குப்படி அப்படியே திரும்பி வரணும்.”

சரக்கு நல்ல நிலையில் பெற்றுக் கொள்ளப்பட்டது என்று ரசீது மட்டும்தான் கேட்கவில்லை.

*

ஒத்தைச் சக்கர சைக்கிளை நான் அதுவரை சர்க்கஸில்தான் பார்த்திருக்கிறேன். சின்ன வயசில் பார்த்தபோது, அதன் மேல் உட்கார்ந்தபடி ஒரு பெண் கால் நுனியில் கிண்ணத்தை வைத்து, எத்தி, தலைமேல் பிடித்தார். நமக்கு உட்கார்ந்து சாப்பிடும்போதே சாம்பார் சட்டையில்! அதனால் அது வேறு ஜாதி மனிதர்கள் செய்கிற வேலை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் மருமகன் முன்னால் அப்படிச் சொல்ல முடியுமா? மாமன் என்கிற பதவிக்கு ஒரு கெத்து வேண்டாமா? “குடு, நான் முதல்ல ஓட்டிக் காட்டறேன்” என்று லுங்கியை மடித்துக் கட்டினேன்.

நாங்கள் எல்லாம் குரங்கு பெடல் பரம்பரை. வாடகை சைக்கிளில் குறுக்குக் கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, ஒரு பக்கமாகத் தொங்கிக் கொண்டே ஓட்டப் பழகியவர்கள். 2024-ல் ‘குரங்கு பெடல்’ என்று ஒரு படமே வந்தது. அந்த அனுபவத்தை நம்பி, சுவரைப் பிடித்துக் கொண்டு ஸீட்டில் ஏறினேன். மருமகன் போனில் வீடியோ எடுத்தான். சுவரை விட்டேன்.

வீடியோவின் மொத்த நீளம் நாலு செகண்ட். அதில் நான் சைக்கிள் மேல் இருந்தது இரண்டு.

என்ன நடந்தது என்றால், இதில் சக்கரத்தின் அச்சிலேயே பெடல் மாட்டியிருக்கிறது. காலை நிறுத்தினால் சக்கரம் நின்றுவிடும். சக்கரம் நின்றாலும் மாமா நிற்கவில்லை. மாமா போய்க்கொண்டே இருந்தார். லுங்கி பெடலில் மாட்டியது. இரண்டு கையையும் நீட்டித் தரையைப் பிடித்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்து எரிந்தது. லுங்கியைப் பற்றி இது குடும்பப் பத்திரிகை என்பதால் எழுதவில்லை.

திண்ணையின் மறு ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். வயசு அறுபத்தெட்டு. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உடம்புல எந்த எடம் முதல்ல தரையில பட்டுச்சு?”

“கைதாம்பா.”

“அதான் தப்பு” என்று சொல்லிவிட்டு, வலது மணிக்கட்டைத் தடவிக் கொண்டே உள்ளே போய்விட்டார்.

அந்த மணிக்கட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

*

அடுத்த ஒரு வாரம் எனக்கு ஒரே வேலை. எப்படி ஓட்டுவது என்று படிக்கவில்லை. எப்படி விழுவது என்று படித்தேன். அக்காவிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டுமே!

படித்ததில் முதலில் தெரிந்து கொண்டது இது. விழத் தெரிந்த பிறகுதான் உலகத்தில் பல பேர் தொழிலையே ஆரம்பிக்கிறார்கள். 1882-ல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ என்பவர் ஜூடோ பள்ளி தொடங்கினார். இன்றைக்கும் ஜூடோவில் புதுசாகச் சேருகிறவனுக்கு எதிராளியைத் தூக்கிப் போடும் வித்தையைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், தானே விழுவதற்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்கு ‘உகேமி’ என்று பேரே இருக்கிறது. சர்க்கஸ் பார் விளையாட்டிலும் வலையில் முதுகு படும்படி விழப் பழகிக் கொள்ள வேண்டும். நீச்சலடிப்பது மாதிரி குப்புற விழுந்தால் வலையே ஆளை ஒடித்துவிடும்.

இரண்டாவது, விழுவது ஏன் வலிக்கிறது என்கிற சமாசாரம். நம் இடுப்பு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பொருளை விட்டால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். அந்த வேகத்தை ஒரே ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், அதன் எடையைப் போல நூறு மடங்கு விசை வேண்டும். அதையே 20 சென்டிமீட்டர் தூரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினால்? வெறும் ஆறு மடங்கு போதும்.

இந்த இடத்தில்தான், சார், என் பி.காம். மூளை விழித்துக் கொண்டது. இது பௌதிகம் இல்லை. இது கடன்!

விழுந்தாயிற்று என்றால் கடன் பட்டாயிற்று. தரை என்கிற சேட்டு விடமாட்டான், வசூலித்தே தீருவான். தள்ளுபடி கிடையாது. ஆனால் எப்படிக் கட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. விறைப்பாக நீட்டிய கையால் மொத்தத் தொகையையும் ஒரே நொடியில் கட்டினால் மணிக்கட்டு திவால். முழங்காலை மடக்கி, அப்புறம் தொடை, இடுப்பு, முதுகு, தோள் என்று உருண்டு, ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துக் கட்டினால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. எல்லோருக்கும் ஒரு சின்னக் கன்னிப்போடு கணக்கு முடிந்துவிடும்.

பாரசூட்டில் குதிக்கும் சிப்பாய்களுக்கும் இதே பாடம்தான். முன்பாதம், கெண்டைக்கால், தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்று ஐந்து தவணை. அந்த வரிசையில் தரையில் பட்டு உருள வேண்டும். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் பாரசூட்டுகள் பெரும்பாலும் பட்டுத் துணியில்தான் தைத்தார்கள். ஜப்பானிலிருந்து பட்டு வரத்து நின்று போனதும்தான் அமெரிக்கா நைலானுக்கு மாறியது. மெல்லிசு, உறுதி, மடித்தால் கையடக்கம். மனிதன் வானத்திலிருந்து பத்திரமாக விழுந்ததே பட்டைப் பிடித்துக் கொண்டுதான்!

பட்டு நெய்கிற ஊரில் பிறந்த எங்களுக்கு மட்டும் விழத் தெரியவில்லை.

*

அடுத்த ஞாயிறு மருமகன் வந்தபோது கூடவே அக்காவின் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வந்து இறங்கின. இரண்டு தலையணை, ஒரு பழைய ஜமக்காளம், அரை கிலோ சணல் கயிறு. எல்லாவற்றையும் கட்டி நிறுத்தினோம். மூங்கில் கூடையில் மந்தாரை இலையோடு வேக வைத்த கோயில் இட்லி மாதிரி நின்றான் பையன். விழுவது இருக்கட்டும், குனியவே முடியவில்லை!

பாதுகாப்பு என்பது மூட்டை கட்டுவது அல்ல. எங்கே அடிபடும் என்று தெரிந்து அங்கே போடுவது. ஸ்கேட்டிங் பிள்ளைகளுக்கு விற்கிற சாமான்களே இதற்கும் பொருந்தும். உங்கள் வீட்டிலும் ஒரு மருமகன் பெட்டியோடு வரக்கூடும் என்பதால் பட்டியலைத் தருகிறேன்:

மணிக்கட்டுக் கவசம்: இதுதான் முதல். உள்ளங்கைப் பக்கம் ஒரு கெட்டி பிளாஸ்டிக் தகடு இருக்கும். தரையில் கை பட்டால் மணிக்கட்டைப் பின்னால் வளைய விடாது. தகடு வழுக்கிக் கொண்டு போவதால் தோலும் பிழைக்கும். போட்ட பிறகு செல்போன் நோண்ட முடியாது என்பது உபரி லாபம்.

ஹெல்மெட்: சைக்கிளுக்கென்று விற்கும் லேசான ஹெல்மெட். உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் மாதிரி சமாசாரம் அலங்காரம் இல்லை. அது நசுங்கி நம் மண்டைக்குத் தவணை வாங்கித் தருகிறது. ஒரு தடவை பலமாக அடிபட்டால் அதன் வேலை முடிந்தது. பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தாடைப் பட்டி போடாத ஹெல்மெட் தொப்பிக்குச் சமானம்.

முழங்கால், கெண்டைக்கால் கவசம்: விழுவதை விடப் பெரிய எதிரி பெடல். கால் வழுக்கினால் அது சுற்றி வந்து முன்னெலும்பில் ஒரு போடு போடும் பாருங்கள்... செத்துப் போன கொள்ளுத் தாத்தா வரைக்கும் ஞாபகம் வரும்.

உடை: லுங்கி, வேட்டி, தொளதொள பேன்ட் கூடாது. (ஏன் என்று மேலே விளக்கியாயிற்று.) காலோடு ஒட்டிய முழு நீளப் பேன்ட் நல்லது. மணிக்கணக்கில் அந்த ஸீட்டில் உட்காருவது ஆண்களுக்குத் தர்மசங்கடமான விஷயம். உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் டிராயர் கிடைக்கிறது. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ஷூ: செருப்பு கூடவே கூடாது. தட்டையான ரப்பர் அடியுள்ள ஷூ. லேஸை முடிந்து, மீதியை உள்ளே செருகிவிட வேண்டும். லேஸ் அச்சில் சுற்றிக் கொண்டால் விழும்போது கால் தரைக்கு வராது.

பாக்கெட்: காலி. சாவிக் கொத்து மேல் இடுப்பு விழுந்தால் எந்தப் பூட்டும் திறக்காது.

இடம் பார்ப்பதும் பாதுகாப்புதான். எங்கள் பக்கத்தில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழையைப் பார்த்து முடி போடுவார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒத்தைச் சக்கரத்தோடு போய் விழுந்தால் எலும்பு மட்டும் இல்லை, பல குடும்பங்களோடு உறவும் முறிந்துவிடும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல், ஆளில்லாத சந்தில், நீளமான ஒரு காம்பவுண்டு சுவர் ஓரம் என்று முடிவாயிற்று. ஜல்லி கிடக்கிறதா, சுவரில் ஆணி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டோம். அப்பா தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கொண்டு கூடவே வந்துவிட்டார்.

*

இப்போது மணிக்கட்டுக் கதை.

2003 நவம்பர். நான் பத்தாவது படித்துக் கொண்டிருந்தேன். சாயங்கால நேரம், மழை விட்டும் விடாமலும் இருந்தது. அப்பா நெய்து அறுத்த புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சங்கத்தில் ஒப்படைக்க சைக்கிளில் கிளம்பினார். தெரு முனையில் சேற்றில் சக்கரம் சறுக்கியது. இடது கையில் மூட்டை. அதை ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி தலைக்கு மேல் தூக்கிக் கொண்டார். மொத்த உடம்பும் வலது கை மேல் இறங்கியது.

புடவை மேல் ஒரு பொட்டுச் சேறு படவில்லை. அப்படியே நடந்து போய் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

நாங்கள் சுளுக்கு என்றே நினைத்தோம். பத்துப் போட்டு மூன்று நாள் விட்டுவிட்டோம். வீக்கம் வடியவில்லை என்றதும்தான் எக்ஸ்ரே. கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பு, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே உடைந்து பின்னால் சாய்ந்திருந்தது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு உலகம் பூராவும் இதே இடத்தில்தான் உடைகிறது. ஆபிரகாம் காலிஸ் என்கிற அயர்லாந்து டாக்டர் 1814-லேயே இதை விவரமாக எழுதி வைத்துவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 81 வருஷம் முன்னால்! அவருக்கு எக்ஸ்ரே இல்லாமலே தெரிந்தது. எங்களுக்கு மூன்று நாள் கழித்துத் தெரிந்தது.

(நடுவில் ஒரு முக்கியமான விஷயம். கை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடியில் இருக்கும் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே படகு வடிவத்தில் ஒரு குட்டி எலும்பு இருக்கிறது. அது முறிந்திருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் கூடப் போகலாம். டாக்டர் பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னால் காசு பார்க்கிறார் என்று நினைக்காமல் போய்விடுங்கள்.)

ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கட்டுப் பிரித்தபோது கை இருந்தது, பழைய திருப்பம் இல்லை. நாடாவை வீசுகிற கைக்கு அந்தத் திருப்பம்தான் சோறு போடுவது. கூலி என்பது நெய்த புடவைக்குத்தான். தறி நின்றால் அடுப்பு நின்றது. அதற்குப் பிறகு அவரால் சொந்தமாகத் தறியில் உட்கார முடியவில்லை.

கோர்வைப் புடவை தெரியுமில்லையா? உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா. நெய்பவர் இரண்டைப் பார்த்துக் கொள்வார். இடது ஓரத்துக் கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள் செய்த வேலை. எட்டு வயசில் அப்பாவுக்கு நான் செய்தது. ஊரில் பேர் சொல்லும் நெசவாளியாக இருந்த அப்பா, அதற்கப்புறம் பத்து வருஷம் அடுத்த வீட்டுத் தறியில் அந்தப் பிள்ளை வேலையைச் செய்தார்.

கல்லூரியில் கணக்குப் பதிவியல் படித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. பட்டு சங்கத்துடையது. ஜரிகை சங்கத்துடையது. அந்த மூட்டையில் எங்களுடையது கூலி மட்டும்தான். கை? அது முழுக்க முழுக்க எங்களுடையது. சொந்த முதலைக் கொடுத்து, அடுத்தவர் சரக்கைக் காப்பாற்றியிருக்கிறார்! ஒரு நாள் கோபத்தில் இதை அப்பாவிடம் சொல்லியும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “பதினஞ்சு நாள் வேலைடா அது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கையில இருக்கறத விடணும்னு அந்த நேரத்துல தோணாதுடா. பழகியிருந்தாத்தான் தோணும்” என்றார்.

*

அதனால் எங்கள் பயிற்சியில் முதல் நாள் முழுக்க ஓட்டவே இல்லை. ஏறுவது, இறங்குவது. சுவரைப் பிடித்துக் கொண்டு ஏறி, கீழே இருக்கும் பெடலில் பாரத்தைக் கொடுத்து, மேல் பெடலில் இருக்கும் காலைப் பின்னால் தரையில் வைப்பது. இது பின்பக்க இறக்கம். அப்புறம் முன்பக்கம் சாய்ந்து, சைக்கிளைப் பின்னால் விட்டுவிட்டு, இரண்டு எட்டு ஓடி நிற்பது. ஐம்பது தடவை.

செய்யச் செய்யத்தான் ஒன்று புரிந்தது. ஒத்தைச் சக்கரம், பார்க்கிற அளவுக்கு அயோக்கியன் இல்லை! சாதா சைக்கிளில் முன்னால் ஹேண்டில்பார், குறுக்கே கம்பி. விழும்போது நாம் அதற்குள் மாட்டிக் கொள்கிறோம். இதில் முன்னால் ஒன்றுமே இல்லை. கற்றுக் கொள்ளும்போது வேகமும் நடக்கிற வேகம்தான். பத்துக்கு ஒன்பது தடவை காலிலேயே இறங்கிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. சைக்கிளை விட்டுவிட வேண்டும்.

அதுதான் பையனுக்கு வரவில்லை. சாயும்போதெல்லாம் புது சைக்கிள் கீறி விடுமே என்று ஸீட்டை எட்டிப் பிடித்தான். பிடித்ததால் உடம்பு திரும்பியது, திரும்பியதால் பக்கவாட்டில் விழுந்தான். நான் அறிவுரை சொன்னேன், பௌதிகம் சொன்னேன், சேட்டுக் கதை சொன்னேன். ம்ஹூம்!

நாற்காலியிலிருந்து அப்பா எழுந்து வந்தார். சைக்கிளைக் கோணல் கையால் வாங்கினார். ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். அப்படியே தரையில் போட்டார். ‘டங்’கென்று விழுந்தது. எடுத்தார். மறுபடியும் போட்டார்.

“பாத்தியா? ஒண்ணும் ஆவல. இரும்பு. ஸீட்டு முனையில பிளாஸ்டிக் வெச்சிருக்கான் பாரு, விழறதுக்குன்னே வெச்சிருக்கான். போனா போவுது. தாத்தா வேற வாங்கித் தரேன். உன் கைக்கு வேற எங்க போயி வாங்கறது?”

பையன் தலையாட்டினான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி ஷூ லேஸைச் சரி பண்ணிக் கொண்டேன். லேஸ் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த தடவை அவன் விட்டுவிட்டான். சைக்கிள் பின்னால் ‘டங்’. பையன் முன்னால் இரண்டு எட்டு ஓடி நின்றான். அப்பா கை தட்டினார். வாழ்க்கையில் ஒருத்தன் விழுந்ததற்குக் கை தட்டல் வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? “ஏன்டா நிக்கற மாதிரி மிதிக்கற? பாரத்தை ஸீட்டுல வெய்யி. தறியில நின்னுக்கிட்டா மிதிக்கறோம்? குந்திக்கிட்டுத்தானே மிதிக்கறோம்!” என்றார். சார், நான் படித்த எல்லா இடத்திலும் இதையேதான் எழுதியிருந்தார்கள். புதுசாகக் கற்பவன் பெடல் மேல் எழுந்து நின்றுவிடுகிறான். ஒரு பெடல் உச்சியிலும் ஒன்று அடியிலும் நிற்கும்போது சக்கரம் மேற்கொண்டு சுற்றாமல் அங்கேயே விழுகிறான். பாரம் ஸீட்டில், பார்வை சக்கரத்தில் இல்லாமல் இருபது அடி தூரத்தில். முதலில் அரைச் சுற்று, அப்புறம் ஒரு சுற்று. நாற்பது வருஷம் தறிக் குழிக்குள் காலை விட்டு மிதித்தவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நன்றாக ஓட்டப் பத்துப் பதினைந்து மணி நேரம் பிடிக்கும் என்கிறார்கள். ஒரு மணிக்கு மேல் ஒரே மூச்சில் பழகக் கூடாது. களைத்த கால்தான் முதலில் ஏமாற்றும். நாலாவது ஞாயிறு பையன் சுவரை விட்டு ஏழு சுற்று போனான். அக்காவிடம் பல், மூக்கு, கை, கால் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் ஒப்படைத்தாயிற்று. முழங்காலில் ஒரே ஒரு சிராய்ப்பு. வரவு வைத்துக் கொண்டாள்.

ஏழு சுற்றைப் பார்த்ததும் மாமனுக்குப் பழைய கெத்து திரும்பி வந்தது. ஹெல்மெட், கவசம், பேன்ட், ஷூ எல்லாம் முறைப்படி போட்டுக் கொண்டு நானும் ஏறினேன். ஒரு சுற்று... ஒன்றரை... இரண்டு! இந்தச் சரித்திர நிகழ்ச்சியை நானே படம் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. கவசத்துக்கு மேலே நீட்டிக் கொண்டிருந்த நாலு விரலால் பாக்கெட்டிலிருந்த செல்போனை எப்படியோ உருவிவிட்டேன். (பாக்கெட் காலியாக இருக்க வேண்டும் என்று எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.)

சக்கரம் நின்றது. மாமா போய்க்கொண்டே இருந்தார்.

பாரசூட், ஜூடோ, ஐந்து தவணை எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வலது கை தரையில் ‘சர்ர்ர்’ரென்று இழுத்துக் கொண்டு போனது. எழுந்து பார்த்தேன். கவசத்தின் பிளாஸ்டிக் தகட்டில் நீளமாக ஒரு கோடு. உள்ளே மணிக்கட்டு பத்திரம், கட்டைவிரல் குழி பத்திரம். இடது கை மட்டும் இன்னும் தலைக்கு மேலேயே நின்று கொண்டிருந்தது. அதில் செல்போன். ஒரு கீறல் இல்லை!

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா மெதுவாக நடந்து வந்தார். என் வலது கையைப் பிடித்துக் கவசத்தைக் கழற்றி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் உயர்ந்து நின்ற என் இடது கையைப் பார்த்தார்.

“சந்தேகமே இல்ல... நீ என் புள்ளதான்டா” என்றார்.